ஐந்து வாக்கியக் கடிதம்

இன்னைக்கு எபிசோட்ல நாம பாக்கப்போறது ஒரு கடிதத்தோட கதை. மொத்தமே அஞ்சு வாக்கியம்தான்.

1980 ஜனவரி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் அது வந்தது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக். மருத்துவமனையில் ஓபியாய்டு வலிமருந்து வாங்கின 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தோம். முன்பு போதைப்பழக்கம் இல்லாதவர்களில் அடிமையானது நாலு பேர்தான். இவ்வளவுதான் விஷயம்.

கவனிங்க, இது வார்டில் படுத்திருந்தவங்களுக்கு, நர்ஸ் எண்ணிக் கொடுத்த மருந்து. வீட்டுக்குப் போய் மாசக்கணக்கா மாத்திரை போட்டா என்ன ஆகும்? அதைப் பத்தி அந்தக் கடிதம் பேசவே இல்லை.

1995 டிசம்பர்ல அமெரிக்காவின் எஃப்டிஏ, ஆக்ஸிகான்டினுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த வருஷம் பர்டூ ஃபார்மா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 12 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடுற மாத்திரை. அடிமையாகிற ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழேன்னு டாக்டர்களிடம் சொல்லி வித்தாங்க. மெதுவாக உடம்பில் சேர்வதால் தவறான பயன்பாடு குறையும் என்று 'நம்பப்படுகிறது' என லேபிளிலேயே இருந்தது. மருந்து லேபிள்ல நம்பிக்கைக்கு என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியல. அதே லேபிள், பொடிச்சுச் சாப்பிட்டா மொத்த மருந்தும் வேகமா இறங்கிடும்னும் எச்சரிச்சது. போதைக்குத் தேடினவங்களுக்கு அதுவே வழிகாட்டியாப் போச்சு.

கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கம் சுரங்கத்துல இடுப்பு போன தொழிலாளிங்க நிறைய. தவறான பயன்பாடுன்னா பொடிச்சு மூக்குல இழுக்கிறதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஆனா டாக்டர் சீட்டுல எழுதினபடியே போட்டு மாட்டிக்கிட்டவங்களும் இருந்தாங்க. 12 மணி நேரம் தாங்காம வலி திரும்பினா, டோஸை ஏத்தி எழுதினாங்க. அப்போ தப்பாப் பயன்படுத்தினது யாரு?

2001இல் லேபிளில் அந்த வரி போனது, கடும் எச்சரிக்கை வந்தது. 2007இல் மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாக நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நிறுவனமும் மூன்று அதிகாரிகளும் சேர்ந்து கட்டியது சுமார் 63 கோடி டாலர். யாரும் ஜெயிலுக்குப் போகல. 2010ல பொடிக்கக் கஷ்டமான மாத்திரை வந்தது. ஏற்கெனவே அடிமையானவங்கள்ல பலர் ஹெராயினுக்குத் தாவினாங்க. அப்புறம் ஃபென்டனில்.

2017இல் கனடா ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதில் 72 சதவீதம், அடிமையாவது அபூர்வம் என்பதற்குச் சான்றாக. மருத்துவமனை நோயாளிகள் என்பதை 80 சதவீதம் பேர் குறிப்பிடவே இல்லை. அதாவது, பலர் படிக்காமலேயே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கணும்.

தன் கடிதத்தை மருந்துக் கம்பெனிகள் சாக்காக எடுத்துக்கொண்டது அவமானமா இருக்குன்னு ஜிக் அந்த வருஷமே சொன்னார். ஜர்னலும் கடிதத்தோட ஒரு எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது, 37 வருஷம் கழிச்சு.