மலை மாறாதது என்பது பற்றி

நம் இலக்கியக் கட்டுரைகளில் மலை என்றால் மாறாதது. குறிஞ்சி என்று எழுதிவிட்டால் போதும். அங்கே காலம் நின்றுபோனதாக எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். இந்த சௌகரியத்தைக் கெடுக்கின்றன நீலகிரிச் சதுப்புகளின் கருமண்ணும், சோலைகளில் ஒளிந்து கத்தும் ஓரங்குலத் தவளைகளும்.

நீர் தேங்கிய பள்ளங்களில் செத்த செடிகள் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. சோலை மரமும் வெப்பநாட்டுப் புல்லும் காற்றிலிருந்து கரியைப் பிடிக்கும் விதம் வேறு. கனமான கரியணுவும் லேசான கரியணுவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதில் அந்த வேறுபாடு தங்கிவிடுகிறது. 1993ல் ஆர். சுகுமாரும் சகாக்களும் இதைப் படித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 16,000 ஆண்டுகளுக்கு முன்புவரை மலை வறண்டு புல்லாகக் கிடந்திருக்கிறது. வடக்கே பனி உறைந்திருந்த காலம். இங்கே தென்மேற்குப் பருவமழை தளர்ந்துவிட்டது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்து மரங்கள் பரவின. பிறகு மறுபடியும் வறட்சி. பேரேட்டில் பற்று வரவு பார்த்தே பகலைக் கழிக்கிற எனக்கு இந்தச் சாட்சியம் பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை.

புதர்த்தவளைகள் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈர இலையிலோ மண்ணிலோ மூங்கில் கணுவுக்குள்ளோ இடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. குளம் வேண்டாம், ஈரக் காற்று வேண்டும். எங்கள் திட்டக்குடியில் ஐப்பசி மழைக்கு வெள்ளாற்றங்கரையில் கத்தும் பெருந்தவளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து முதல் மழைக்கு எழுந்து வரும். அதே இனத்தை வங்காளத்திலும் பார்க்கலாம். சோலைத் தவளைக்கோ இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள வறண்ட சமவெளி, கடல் மாதிரி.

ஈரம் சுருங்கும்போது தவளைகள் பள்ளத்தாக்கு மடிப்புகளில் ஒதுங்குகின்றன; கூட்டத்துக்குக் கூட்டம் உறவு அறுகிறது. ஒரு வறட்சியில் ஓர் இனம் பிறந்துவிடாது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்தச் சுருக்கமும் விரிவும் திரும்பத் திரும்ப நடந்து வேறுபாடு சேர்ந்திருக்கிறது. 30-40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் இதைவிட மிகப் பழைய பிளவு. 2014ல் எஸ்.பி. விஜயகுமாரும் சகாக்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரே கட்டுரையில் ஒன்பது புதிய புதர்த்தவளை இனங்களை விவரித்தார்கள். மலைக்கு மலை வேறு தவளை. ஆனால் சின்னக் கூட்டமாக ஒடுங்கியதற்குள் மரபணு வகைகள் குறைந்துபோகும். வெளியே பன்மை, உள்ளே வறுமை. (சிறுபத்திரிகைகளோடு ஒப்பிட ஆசை வருகிறது, வேண்டாம்.) ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலமாண்டர் என்ற வாலுள்ள பிராணியை வைத்து இதே சரித்திரத்தைச் சொல்கிறார்கள். இந்தியாவில் அது கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே உண்டு.

என் தகராறு புல்லைப் பற்றியது. சோலை ஆதி வனம், புல்வெளி அது அழிந்த மிச்சம் என்ற எண்ணம் படித்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புல்வெளி வெறும் தரிசு. சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடுவது நிற்கவில்லை. இப்போது அந்த அந்நிய மரங்களை அகற்றும் பேச்சு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கருமண் சொல்வது வேறு: புல் நேற்று வந்ததல்ல, சோலையைப் போலவே நீண்ட சரித்திரம் உள்ளது.

புல்லுக்கும் அதன் தவளை உண்டு. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியிலிருந்து எஸ்.டி. பிஜுவும் சகாக்களும் 2010ல் ஓர் ஆரஞ்சு நிறப் புதர்த்தவளையை விவரித்தார்கள். அது மரவாசியல்ல, உச்சிப் புல்வெளியில், தூர்களின் அடியில், தரையோடு வாழ்கிறது. ஈரம் இன்னும் மேலே நகர்ந்தால் அது ஏறுவதற்கு அங்கே மலை இல்லை.