பதின்மூன்றாவது தூண்

1997 ஒகஸ்ட் 31 ஆம் திகதி, நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், பரிஸ் நகரின் அல்மா சுரங்கப் பாதையில் விரைந்து வந்த மெர்சிடிஸ் கார் ஒன்று பதின்மூன்றாவது கொங்கிறீற்றுத் தூணில் மோதியது. இளவரசி டயானாவும், அவருடைய நண்பர் டோடி அல் ஃபயட்டும், சாரதியும் உயிரிழந்தனர். முன்னிருக்கையில் இருந்த மெய்க்காவலர் மட்டும் படுகாயங்களுடன் தப்பினார். அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகப் பத்திரிகைகள் சதியைப் பற்றியும், துரத்திச் சென்ற புகைப்படக்காரர்களைப் பற்றியும், சாரதி அருந்தியிருந்த மதுவைப் பற்றியும் எழுதிக் குவித்தன. தூணைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

2008 ஏப்ரல் 7 ஆம் திகதி லண்டன் மரண விசாரணையின் ஜூரிகள் தம் முடிவை அறிவித்தனர். சாரதியினதும் பின்தொடர்ந்த வாகனங்களினதும் பாரதூரமான கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது தலைப்புச் செய்தியாயிற்று. ஆனால், ஜூரிகள் வேறு இரு காரணங்களையும் அதனுடன் சேர்த்திருந்தனர். ஒன்று, இறந்தவர் ஆசனப்பட்டி அணிந்திருக்கவில்லை. மற்றையது, கார் வேறொன்றில் மோதாமல் அந்தத் தூணில் மோதியது. இந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் வரலாறு இருக்கிறது.

அந்த வரலாறு ஒரு விமான விபத்தில் தொடங்குகிறது எனலாம். 1917 இல் ஹியூ டி ஹேவன் என்ற அமெரிக்க இளைஞர் விமானப் பயிற்சியின்போது விழுந்து, வயிற்றினுள் கடும் காயங்களுடன் உயிர் தப்பினார். தம்மைக் காயப்படுத்தியது விழுந்த உயரமன்று, இடுப்புப் பட்டியின் கொளுவியே என்ற ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. 1942 இல், 50 முதல் 150 அடி வரையான உயரங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் புதிதாகக் கொத்திய தோட்ட மண்ணில் விழுந்தவர். மனிதனைக் கொல்வது வேகமன்று. அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்தில், உடலின் எந்தப் பகுதியை அழுத்தி நிறுத்தப்படுகிறது என்பதே என்று அவர் காட்டினார்.

வீதிக்கும் இது பொருந்தும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அசையாப் பொருளொன்றில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இருமடங்கானால் அந்த உயரம் நான்கு மடங்காகும். அகன்ற சுவரில் மோதும்போது காரின் முன்பகுதி முழுவதும் நசுங்கி விசையை ஏற்கிறது. மரமும் கம்பமும் தூணும் ஒடுங்கியவை. அவை ஓரிடத்தில் மட்டும் பாய்ந்து, பயணியின் இடம்வரை ஊடுருவுகின்றன.

உண்மையில் அங்கு நிகழ்வன மூன்று மோதல்கள். கார் தூணில் மோதுகிறது. நின்றுவிட்ட காரினுள், இன்னும் பழைய வேகத்தில் செல்லும் உடல் மோதுகிறது. உடல் நின்றபின் உள்ளுறுப்புகள் அதன் சுவரில் மோதுகின்றன. டயானா உடனே இறக்கவில்லை. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம் ஒன்று கிழிந்திருந்தது. அதிகாலை 4 மணியளவில் வைத்தியசாலையில் அவருடைய மரணம் உறுதிசெய்யப்பட்டது. அவரைக் கொன்றது மூன்றாவது மோதலே.

அதே பிரான்சில், 1960 ஜனவரி 4 ஆம் திகதி, நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அல்பேர் காம்யு தம் 46 ஆவது வயதில் இவ்வாறே இறந்தார். அவருடைய பதிப்பாளர் செலுத்திய காரின் முன்னிருக்கையில் காம்யு அமர்ந்திருந்தார். வில்பிளவான் என்ற ஊரருகே கார் வீதியோர மரத்தில் மோதியது. பதிப்பாளர் சில நாட்களின் பின் இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவருடைய மனைவியும் மகளும் பிழைத்தனர். முடிவுறாத நாவலின் கையெழுத்துப் பிரதி காரில் இருந்தது. அது நூலாக வெளிவர 1994 வரை காலம் எடுத்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1959 இல், வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை ஆசனப்பட்டி சந்தைக்கு வந்திருந்தது. மார்பிலும் இடுப்பிலும் விசையைப் பகிர்ந்தளிக்கும் அந்தப் பட்டியை ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்த வொல்வோ அனுமதித்தது. ஆனால், பட்டி இருப்பது வேறு, அணிவது வேறு. 1970 இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அதைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் 1973 இல் நகருக்கு வெளியே முன்னிருக்கைகளுக்கும், 1990 இல் பின்னிருக்கைகளுக்கும் சட்டம் வந்தது. எனவே, டயானா பின்னிருக்கையில் பட்டியின்றி அமர்ந்திருந்த இரவில் அந்தச் சட்டத்துக்கு வயது ஏறத்தாழ ஏழு. இலங்கையில் சாரதிக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் ஆசனப்பட்டி கட்டாயமானது 2011 ஒக்டோபரில்தான்.

இது பயணியின் பங்கு. தூணின் பங்கு யாருடையது? அல்மா சுரங்கத்தின் தூண்களுக்கு முன்னே, மோதும் வாகனத்தை வழுக்கித் திருப்பிவிடும் பாதுகாப்பு வேலி இருக்கவில்லை. அதே 1997 ஒக்டோபரில் சுவீடன் நாடாளுமன்றம் 'பூச்சிய இலக்கு' என்ற கொள்கையை ஏற்றது. மனிதர் தவறிழைப்பர், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது, வீதியை அமைப்பவர்களும் பொறுப்பாளிகளே என்பது அதன் சாரம். கம்பி வடத் தடுப்புகளும், மோதினால் முறிந்து சாயும் கம்பங்களும் அந்தச் சிந்தனைக்கு இசைந்த ஏற்பாடுகள்.

நம் பத்திரிகைகளில் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியோர மரத்துடன் மோதியது. அது பொய்யன்று. ஆயினும், இறந்தவர் பட்டி அணிந்திருந்தாரா, அந்த மரமோ மின்கம்பமோ மதகுச் சுவரோ ஏன் காப்பின்றி வீதியின் விளிம்பில் நின்றது என்ற இரு கேள்விகளையும் அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. லண்டன் ஜூரிகள் அவ்விரண்டையும் தம் முடிவில் எழுதிவைத்தனர். செய்தியாளரும் பொலிஸாரும் வீதி அதிகாரிகளும் ஒவ்வொரு மரணத்திலும் அவற்றைக் கேட்டால், அடுத்த கார் அதே இடத்தில் தடம் புரளும்போது உள்ளே இருப்பவர் பிழைக்கக்கூடும்.