ஆசாத் ஹிந்த் சொத்துக்கு உரியவர் யார்? உத்திரமேரூர் விதியை முன்வைத்து

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே பெரும்பாலும் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த அவற்றில் இன்னொரு விதியும் உண்டு. கிராமச் சபையின் வாரியத்தில் (குழுவில்) பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது; அவருடைய உறவினருக்கும் அதே தடை. கவிழ்ந்த அரசொன்றின் சொத்தை ஆராய இந்த விதியைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். அதன் கருவூலத்தை நிரப்பியவர்களில் மலாயாத் தமிழர் பெரும்பங்கினர்: ரப்பர் தோட்டக் கூலிகள், வட்டிக்கடைச் செட்டியார்கள், கழுத்து நகையைக் கழற்றித் தந்த பெண்கள். எல்லாமே மனமுவந்த கொடை அல்ல. வசதி படைத்தவர்களிடம் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு வசூலித்ததும் உண்டு. 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கியும் தொடங்கப்பட்டது.

1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த அரசு கவிழ்ந்தது. ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டுகளைத் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் செல்லாதென்றது. ரொக்கக் கையிருப்பு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. ஆகவே மதிப்புள்ள மிச்சம் நகையும் கட்டடமும் பிற உடைமைகளுமே. அந்த அரசுக்கு நிதி திரட்டிய இந்திய சுதந்திர லீக்கின் சொத்துகள் சிங்கப்பூரில் காலனி அரசின் சொத்துக் காப்பாளர் கைக்குப் போயின.

ஹாங்காங்கை இங்கே ஒப்பிடலாம். சீனத் தேசியவாத அரசின் இரு விமான நிறுவனங்களின் விமானங்கள் 1949-இல் கைடாக் நிலையத்தில் நின்றன. பழைய அரசு அவற்றை அமெரிக்கர்களுக்கு விற்றது. 1950 ஜனவரியில் பிரிட்டன் சீனாவின் புதிய கம்யூனிஸ்ட் அரசை அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் முன்பு முறைப்படி நடந்த விற்பனையைச் செல்லாததாக்காது என்று 1952-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முடிவு எதுவானாலும், உரிமை கோரியவர்கள் நீதிமன்றத்தில் வாதாட முடிந்தது. கவிழ்வதற்கு முன் தேசியவாத அரசு பிரிட்டனால் அங்கீகரிக்கப்பட்டிருந்ததே காரணம்.

ஆசாத் ஹிந்துக்கு அந்த நிலை இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் அவற்றைச் சார்ந்த அரசுகளும் அதை ஏற்றன, பிரிட்டன் ஏற்கவில்லை. அப்படியானால் அதன் உடைமை ஓர் அரசின் சொத்தாகவே ஆகாது. கொடுத்தவர்களின் பொதுநிதியாகத்தான் கருத முடியும். ஆனால் 1953-இல் அதை 2:1 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்ள இந்தியாவும் பாகிஸ்தானும் இசைந்தன. உயிரோடிருந்தவரை அரசாக மதிக்காத ஒன்றுக்கு, இறந்தபின் இரண்டு அரசுகள் வாரிசாயின.

இந்த வாரிசுரிமை எனக்கு ஏற்புடையதல்ல. சட்டப்படி இந்தியக் குடியரசு பிரிட்டிஷ் இந்தியாவின் தொடர்ச்சி; போஸின் படை போரிட்டதே அந்த பிரிட்டிஷ் இந்தியாவுடன்தான். அரசு வாரிசுரிமை என்ற வழியில் தில்லிக்கு இங்கே இடமில்லை. பணம் கொடுத்தது இந்திய விடுதலைக்காக, எனவே விடுதலை பெற்ற நாடுகளைச் சேர்வதே முறை என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். கைச்செலவுக்கு மிஞ்சியதை அள்ளிக் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்கவும் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் கட்டாயமாக வசூலித்த தொகைக்கு அது பொருந்தாது. நோக்கம் நிறைவேறிய அறக்கட்டளையின் எச்சம் அதற்கு நெருங்கிய பயனுக்குப் போக வேண்டும். போரில் தலைவனை இழந்து மலாயாத் தோட்டங்களிலேயே தங்கிவிட்ட குடும்பங்களைவிட நெருங்கியவர் யார்? பிரிவினைக் கணக்கில் அவர்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

போஸ் சென்ற விமானம் 1945-இல் விபத்துக்குள்ளானபோது கருகி எஞ்சிய நகைகள் தோக்கியோவிலிருந்து 1952-இல் தில்லிக்கு வந்து தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. 2016-இல் போஸ் கோப்புகள் பல வெளியிடப்பட்டன. போஸின் முடிவைப் பற்றிய விவாதமே அவற்றை விழுங்கிக்கொண்டது. பணத்தின் வரலாறு பின்னுக்குப் போயிற்று. தில்லி, இஸ்லாமாபாத், சிங்கப்பூர் ஆவணங்களை ஒன்றாக வைத்து, யாரிடம் எவ்வளவு வாங்கப்பட்டது, காப்பாளர் எதை என்ன விலைக்கு விற்றார், யார் எவ்வளவு பெற்றார் என்ற பேரேட்டை மூன்று அரசுகளும் பொதுவில் வைக்க வேண்டும். வாரியத்தில் இருந்தவர்களிடம் பத்தாம் நூற்றாண்டுக் கிராமச் சபை கேட்டதும் அதைத்தான்.