மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தம்

1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் நாய்களின் ரத்தத்தில் ஒரு புது ஒட்டுண்ணியைக் கண்டதாக எழுதினார். மெட்ராஸில் காலா அசாரையும் மூட்டைப்பூச்சியையும் துருவிக்கொண்டிருந்த மருத்துவர் அவர். நாய்கள் சாதாரண நாய்கள் இல்லை. ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் கூட்டத்துடையவை. அதே ஒட்டுண்ணி குள்ளநரியின் ரத்தத்திலும் இருந்தது. இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி. உலகம் முழுக்க நாய்களைப் படுத்தும் ஒரு கிருமிக்கு முதல் முகவரி நம்ம மெட்ராஸ்!

பரப்புவது உண்ணி. நெல்லிக்குப்பத்தில் எங்கள் தெருவில் நாய்க் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவார்கள். நாய் காபி நிறத்தில் ஒன்னுக்குப் போனால் கதை முடிந்தது என்பார்கள். உடைந்த சிவப்பணுக்களின் நிறம் அது.

பேட்டன் காலத்து வழி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயமேற்றி, சிவப்பணுவுக்குள் இருப்பதைப் பார்ப்பது. பபீசியா கேனிஸ் என்ற உறவுக்கார ஒட்டுண்ணி இந்த வழியைக் குழப்பியது. தகட்டில் தேடித்தேடி நாலைந்துதான் தென்படும். நாயோ ரத்த அழுத்தம் இறங்கிச் சாகக் கிடக்கும். என் வேலையில் லாகில் பதிவாகாத பிழைதான் சர்வரைக் கவிழ்க்கும். இங்கேயும் அப்படித்தான். விஷயம் அணுக்களைச் சுற்றியிருந்த நீரில் கரைந்து கிடந்தது.

1967இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிஸ்டிக்கோடு வேலை செய்த குழு, நோயுற்ற விலங்குகளின் சீரத்தில் கரைந்திருந்த ஒட்டுண்ணிப் புரதங்களைப் பிரித்தெடுத்தது. அவற்றை ஊசியாகப் போட்ட விலங்குகள் பின்னால் நோயைத் தாங்கின. 1980களில் பிரான்சில் இதே யோசனை தடுப்பூசியானது. ஒட்டுண்ணியை வளர்த்த திரவத்திலிருந்து, அது வெளியேற்றிய புரதங்களை எடுத்தார்கள். தடுப்பூசி போட்ட நாய்க்கும் தொற்று வரும். நோய் மட்டும் அவ்வளவு மூர்க்கமாக இருக்காது. ஒட்டுண்ணியை விட்டுவிட்டு அதன் கழிவைக் குறிவைத்த இந்தத் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அது கேனிஸுக்கு. மெட்ராஸ்காரனான கிப்சோனி வேறு வழியில் ஊர் சுற்றியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது அதிகம் தென்பட்டது பிட்புல் நாய்களிடம். உண்ணியே தேவைப்படவில்லை, சண்டைக் கடியில் ரத்தம் மாறினால் போதும். குள்ளநரியைத் துரத்த வைத்திருந்த நாய்களிடம் கண்டுபிடித்ததை, பந்தயத்துக்காக நாய்களை மோதவிட்டவர்கள் பரப்பினார்கள். மனிதர்களின் பொழுதுபோக்கு இரண்டுமே.

ஜப்பானில் ஒபிஹிரோ ஆய்வாளர்கள் கிப்சோனி சுரக்கும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கு எதிராக நாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் பரிசோதனைகளை உருவாக்கினார்கள். தகட்டில் எதுவுமே தெரியாத நாள்பட்ட தொற்றையும் இதில் பிடிக்கலாம். சிகிச்சைக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சில நாய்களில் அதற்குப் பிறகும் ஒட்டுண்ணி ரத்தத்தில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்துத் திரும்ப வருகிறது.