முத்ரா சூக்

முத்ரா சூக், ஓமன் தலைநகர் மஸ்கட்டில் முத்ரா துறைமுகத்தை ஒட்டியுள்ள பழைய கடைவீதி. வாயில் கடற்கரைச் சாலையைப் பார்த்திருக்கும். உள்ளே கூரையிட்ட சந்துகள் கிளை பிரிந்து செல்லும். 'சூக் அல்-தலாம்', அதாவது இருட்டுச் சந்தை என்றும் இதற்குப் பெயர். நெருக்கமான கடைகளுக்கிடையே பகலிலும் வெயில் விழாததால், அக்காலத்தில் கையில் விளக்கோடு வந்து சாமான் வாங்கினார்கள்.

இங்கே முதலிடம் குந்திரிக்கத்துக்கே. அரபியில் லுபான். தெற்கே தோஃபார் பகுதியில் விளையும் மரத்தின் பட்டையைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து கட்டியானதும் சுரண்டி எடுப்பார்கள். சாம்பிராணி வேறு மரத்தின் பிசின். குந்திரிக்கத்தில் உயர்ந்த ரகம் ஹோஜரி: வெளிறிய நிறம், சில கட்டிகளில் இளம்பச்சைச் சாயல். பழுப்பேறியதும் தூள் கலந்ததும் மலிவு. கண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஒரு துண்டைக் கனலில் இடச் சொல்லி முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை. நல்ல ரகத்தின் புகையில் எலுமிச்சை வாசம் மெல்லியதாக எழும். ஓமானியர் இதை நீரில் ஊறவைத்துக் குடிக்கவும் செய்வார்கள்.

அடுத்து வெள்ளிக் கடைகள். ஓமன் கொடியிலேயே இடம்பெற்ற வளைந்த குறுவாளான கஞ்சர், பழைய காப்பு, கழுத்தணிகள் எல்லாம் இங்கே கிடைக்கும். பழைய நகைகளில் மரியா தெரேசா நாணயம் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1780-க்குப் பிறகு எந்த ஆண்டில் அச்சடித்தாலும் 1780 என்றே பொறிக்கப்பட்ட ஆஸ்திரிய வெள்ளிக்காசு அது. அதனால் அந்த எண்ணை வைத்து நகையின் வயதைக் கணக்கிட முடியாது. அரேபியாவில் நெடுங்காலம் செலாவணியில் இருந்த இக்காசை உருக்கியும் தட்டார்கள் நகை செய்தார்கள்.

பேரம் பேசுவது இங்கே வழக்கம். கடைக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தங்கத்துக்கு மட்டும் அன்றைய விலையும் எடையும் கணக்கு. பேசிக் குறைக்க முடிவது செய்கூலியைத்தான். ஒரு ரியாலுக்கு 1000 பைசா. பைசா என்ற சொல்லே இந்தியாவோடு நடந்த பழைய வணிகத்தின் எச்சம். சந்தையை ஒட்டி வாழ்ந்துவந்த லவாத்தியா வணிகச் சமூகத்தின் மதில் சூழ்ந்த குடியிருப்பு இன்றும் நிற்கிறது.

நண்பகலில் பெரும்பாலான கடைகள் அடைத்துவிட்டு மாலையில் திறக்கும். காலையில் வருவோர் அருகிலுள்ள மீன் சந்தைக்குப் போகலாம். உள்ளூர்க் குடும்பங்கள் சூக்குக்கு வருவது வெயில் தாழ்ந்த பிறகுதான். ஈத் பெருநாளுக்கு முந்தைய மாலைகளில் கும்மா எனும் பூவேலைத் தொப்பியும் பிள்ளைகளுக்குப் புத்தாடையும் வாங்குவோரால் சந்துகள் நிறைந்துவிடும்.