கஞ்சிப்பாசி

மன்னார்க் கடலின் இருகரையிலும் வாழ்வார்க்குக் கஞ்சிப்பாசி என்னும் பெயர் புதிதன்று. அப்பெயரே அதன் பழைய பயனைச் சொல்லிநிற்கின்றது. ஆழமில்லாக் கடலிற் கற்களைப் பற்றி, மெல்லிய நூற்கொத்துப்போற் கிளைத்து வளரும் இப்பூண்டைக் கரையோர ஏழைமக்கள் கஞ்சியாக்கி உண்டனர். தாவர நூலார் இதனைக் கிராசிலாரியா எடூலிஸ் என்பர். எடூலிஸ் என்பதற்கு உண்ணத்தக்கது என்பதே பொருள். ஆங்கிலேயரோ சிலோன் மாஸ் என்றனர். நிலத்துப் பாசிக்கும் இதற்கும் உறவொன்றுமில்லை. ஆயினும் அப்பிழைக்கு அவர்களை மட்டும் நோவதெங்ஙனம்? நாமும் பாசி என்றே அழைத்து வருகின்றோம்.

பண்டை அறுவடை முறையைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய மருந்து நூல்கள் விரித்துரைக்கின்றன. புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களின் கழிகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தே, நீரின் கொந்தளிப்பால் இப்பாசி பற்றுவிட்டு மிதக்கும். பெண்டிரும் சிறுவரும் அதனைத் திரட்டிப் பாய்களில் விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துவர். பின்னர் நன்னீரிற் பலமுறை அலசி மீண்டும் வெயிலிலிடுவர். நிறம் சிறிது சிறிதாக நீங்கி வெளுத்துப்போம். வெளுத்ததைக் கொதிக்கவைத்து வடித்த கஞ்சி ஆறியதும் இறுகிக் களியாகும். பெரும்பாலும் கடல் தானே விடுத்ததையே அவர்கள் எடுத்தனர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. கல்லைப் பற்றிய அடிப்பாகம் கல்லிலேயே எஞ்சியது. அதனின்றும் மறுபடி தளிர்த்தது.

கல்கத்தாவில் மருத்துவராயிருந்த ஓ'ஷாகனஸி துரை இதனை ஆராய்ந்து நோயாளிகட்கு ஏற்ற உணவெனப் பாராட்டினார். 1868-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருந்து நூலிலும் இதற்கு இடங்கிடைத்தது. குடிசையிற் காய்ச்சிய கஞ்சி ஆஸ்பத்திரிக்குச் சென்ற கதை இதுவாம்.

பின்னர் நேர்ந்ததே பெரிய மாறுதல். 1882-இல் ஜெர்மனி தேசத்தில், கோக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய ஹெஸ்ஸே என்பார், கிருமிகளை வளர்த்தற்குரிய களி வெப்பத்தால் இளகிப்போதல் கண்டு இடர்ப்பட்டனர். அவர்தம் மனைவியார் ஃபானி அம்மையார், தம் அடுக்களையில் வழங்கிய அகாரை எடுத்துக்காட்டினார். சாவகத் தீவில் வாழ்ந்திருந்த நண்பர் வாயிலாக அதனை அறிந்தவர் அவர். அகாராவது கடற்பூண்டினின்றும் எடுக்கப்படும் களியே. அன்று முதல் ஆய்வுக்கூடம் யாவற்றிற்கும் அஃது இன்றியமையாததாயிற்று. ஜப்பான் தேசமே அவ்வாணிகத்தில் தலைநின்றது. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தேசம் போரிற் புகுந்ததும் அச்சரக்கு நின்றது. நம் நாட்டு விஞ்ஞானிகள் நம் கடற்பாசியினின்றே அகார் எடுக்கும் முறையை நாடினர்.

1960-களின் நடுவிலிருந்து மன்னார்க் கடலில் ஆலைகளுக்கெனப் பாசி எடுத்தல் பெருகிற்று. கஞ்சிப்பாசியோடு மரிக்கொழுந்துப் பாசியும் மூட்டை மூட்டையாக வெளியேறியது. கடல் விடுத்ததைத் திரட்டும் நிலை போய், மூழ்கிப் பறிக்கும் நிலை வந்தது. பருவமும் பாராது, அடியோடு பெயர்த்தெடுத்தலும் நேர்ந்தது. அடிப்பாகம் போனபின் எது தளிர்க்கும்? விளைவு குறைந்தது. உண்பாரும் குறைந்தனர், விலைக்குப் போகும் பொருளைக் கஞ்சிக்கிட எவர் மனம் இசையும்? இன்று நோன்பு நாட்களிற் கடற்பாசி என்னும் இனிய களி முஸ்லிம் அன்பர் இல்லங்களிற் சிறப்பாகச் செய்யப்படுகின்றது. ஆயினும் அதற்குரிய பொருள் கடைப் பொட்டலத்தில், சைனா கிராஸ் என்னும் பெயரோடு வருகின்றது.

1986-இல் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளப் பாறைகளைக் காத்தற்கு அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் அதன் பாரம் மூட்டை வாங்கிய வணிகரினும், கையிலே துணி சுற்றிக்கொண்டு நீரில் மூழ்கும் பெண்டிர் மீதே மிகுதியும் விழுந்ததென்பது எம் கருத்து. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசியொன்றை மிதவைகளிற் பயிரிடும் தொழில் தொடங்கிற்று. குளிர்பானக் கம்பெனி ஒன்றின் முயற்சியாற் பரவியதால் மக்கள் அதனைப் பெப்சிப் பாசி என்கின்றனர். அது குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேற் படர்ந்ததாக 2008-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

பாம்பன் தீவைச் சார்ந்த சின்னப்பாலத்துப் பெண்டிர், மாதத்திற் குறித்த சில நாட்களே கடலிறங்குவதெனத் தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். அவர்கட்குத் தலைமை தாங்கிய ஸ்ரீமதி லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காப்போர்க்கென அமெரிக்கச் சங்கமொன்று வழங்கும் ஸீகாலஜி பரிசினை 2015-இற் பெற்றார்.