கலீசியாவின் ரியாக்கள்

கலீசியாவின் ரியாக்கள்: ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளுக்குள் அட்லாண்டிக் சமுத்திரம் புகுந்து நிறைந்தமையால் உண்டான நீண்ட கடற்கழிகள். தெற்கே அமைந்த விகோ, பொந்தேவேத்ரா, அரௌசா, முரோஸ்-நோயா ஆகிய நான்கும் பெரியவை. வடக்கே உள்ளவை குறுகியவை. ஜெர்மானியப் பூகோள அறிஞர் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்டோஃபன் 1886-இல் இக்கரையையே மாதிரியாகக் கொண்டு, உலகெங்கும் உள்ள இவ்வகைக் கழிகளுக்கு ‘ரியா’ என்னும் பெயரை வழங்கினார்.

தோற்றம்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனி மிகுந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது; பின்னர்ப் பனி உருகி நீர் உயரவே, ஆற்றுவாய்கள் மூழ்கின. எனினும் பூமியின் பிளவுகளே இப்பள்ளத்தாக்குகளின் போக்கை முன்னதாக வகுத்தன என்பது வேறு சிலரின் அபிப்பிராயம்; அதன்படி, மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்ட கரையே தூய மாதிரியன்று. படைப்புத் தொழிலை முடித்த கடவுள் இளைப்பாறக் கையூன்றிய இடத்தில் பதிந்த விரல்தடங்களே இவை என்பது அந்நாட்டார் ஐதிகம்.

சரித்திரம்: ரோமானியர் லா கொருஞாவில் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. இடைக்காலத்தில் வைக்கிங்குகள் அரௌசா வழியே உள்நாட்டைச் சூறையாடினர். 1585-இலும் 1589-இலும் ஆங்கிலேயரான டிரேக் விகோவைத் தாக்கினார்.

சான்றுகள் மிகுந்து கிடைப்பது 1702-ஆம் ஆண்டுக்கே. அமெரிக்காவிலிருந்து வெள்ளி ஏற்றி வந்த ஸ்பானியக் கப்பல்கள், பிரெஞ்சுத் தளபதி ஷாட்டோ-ரெனோவின் காவலோடு விகோ ரியாவின் உட்கோடியில் ஒதுங்கி, ராண்டே என்னும் இடுக்கில் மரக்கட்டைகளையும் சங்கிலிகளையும் பிணைத்துத் தடையிட்டிருந்தன. காடிஸில் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்த ரூக் என்பாரின் ஆங்கில, டச்சுக் கடற்படை இச்செய்தியறிந்து வந்து, அக்டோபர் 23-ஆம் நாள் (ஆங்கிலேயரின் பழைய பஞ்சாங்கப்படி 12), கரையில் படையிறக்கிக் கோட்டையைப் பிடிக்கையிலேயே, ‘டார்பே’ என்னும் கப்பலை முன்செலுத்தித் தடையை உடைத்தது. கப்பல்கள் எரிந்தும் பிடிபட்டும் அழிந்தன. வெள்ளி என்னாயிற்று என்பதில்தான் வழக்கு. பெரும்பகுதி முன்னரே கரையிறக்கப்பட்டு மாட்டுவண்டிகளில் சென்றுவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. ஆங்கிலேயர் கொண்டுசென்ற வெள்ளியும் பொன்னும் சுமார் 14,000 பவுன் மதிப்புடையவை என நாணயசாலைத் தலைவராயிருந்த ஐசக் நியூட்டன் கணக்குக் காட்டினார். ஆன் அரசியின் உருவத்தின் கீழே ‘விகோ’ என்று பொறித்த காசுகள் அதனின்றும் அடிக்கப்பட்டவை. ஆயினும் ஜூல்ஸ் வெர்ன் தம் கடலடி நாவலில் இக்குடாவின் அடியில் பொன் கிடப்பதாக எழுதியபின், புதையல் தேடுவோரை எந்தக் கணக்கும் தடுக்கவில்லை.

மட்டி வளர்ப்பு: கோடையில் வடகாற்று மேல்நீரை அப்புறம் தள்ள, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழுந்து ரியாக்களுக்குள் புகுகிறது. இதன் பயனாக, 1940-களின் நடுவில் அரௌசாவில் தொடங்கிய மிதவை வளர்ப்பு விரைவில் பரவிற்று. ‘பாத்தேயா’ எனப்படும் இம்மிதவை பெரும்பாலும் யூகலிப்டஸ் விட்டங்களால் ஆனது. அதிலிருந்து ஐந்நூறு கயிறுகள் வரை, ஒவ்வொன்றும் 12 மீட்டர் வரை, நீரில் தொங்கும். பாறைகளில் சுரண்டியெடுத்த மட்டிக்குஞ்சுகளைக் கயிற்றின்மேல் மெல்லிய வலையால் சுற்றுவர்; வலை சில நாட்களில் கரைந்துபோகும், அதற்குள் அவை தம் நாரினால் தாமே பற்றிக்கொள்ளும். பாரம் ஏறிய கொத்துகள் சரியாதிருக்கக் கயிற்றின் ஊடே இடையிடையே குச்சிகள் செருகுவதும் உண்டு.

அண்மைக்காலம்: 2002-இல் ரியா வாய்களிலுள்ள தீவுகள் தேசியப் பூங்காவாயின. அவ்வாண்டு நவம்பரில் மூழ்கிய ‘பிரெஸ்டீஜ்’ கப்பலின் எண்ணெய் அத்தீவுகளையும் எட்டியது. தெற்கு ரியாக்களின் உட்பகுதிக்குள் அது பெருமளவு புகாமல் தடுத்ததில், சொந்தப் படகுகளில் சென்று கையால் அள்ளிய மீனவர்களின் பங்கு பெரிது.